ஓரியின் அம்பும் ஒற்றைக்கண் வண்டியும்

(கொல்லிமலை வண்டிக்காரர்களுக்காக நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காரவள்ளியில் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் மலை தொடங்கிவிடுகிறது. நாமக்கல், சேந்தமங்கலம் பக்கமிருந்து சமவெளியில் நேராக ஓடிவந்த வண்டி, அங்கிருந்து சோளக்காடு போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்ப வேண்டும். பகலில் அது கண்ணுக்கு விருந்து. இருட்டிய பிறகு, வண்டியின் இரண்டு விளக்குகள் எவ்வளவு தூரம் காட்டுகின்றனவோ அவ்வளவுதான் அங்கே சாலை. மிச்சமெல்லாம் கருப்பு.

ஹெட்லைட் எரியாத வண்டியைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று சமவெளியில் கேட்கலாம். அங்கே தெருவிளக்கு உண்டு, ஓரமாக நிறுத்த இடம் உண்டு, அடுத்த முக்கில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை உண்டு. பலாவும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் இறங்கும் வேனுக்கு முப்பதாவது வளைவில் அந்த மூன்றும் கிடையாது. இந்த மலையில் வண்டி ஓட்டுகிறவருக்கு விளக்குப் பழுதைக் கண்டுபிடிக்கும் அறிவு பிரேக் பிடிக்கும் அறிவுக்கு அடுத்தபடியானது.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் படி, இருட்டில் ஓடும் வண்டியின் விளக்கு 155 மீட்டர் முன்னால் இருக்கும் ஆளையும் வண்டியையும் தெளிவாகக் காட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் அது பொருத்தமான அளவு. கொல்லிமலை ஏற்றத்தில் 155 மீட்டர் நேராக ஓடும் சாலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஹெட்லைட் வண்டியின் மூக்கு பார்க்கும் திசையைப் பார்க்கிறது; சாலையோ வளைந்துவிடுகிறது. வளைவில் நுழையும் வண்டியின் ஒளியில் பெரும்பகுதி எதிரே உள்ள பாறையிலோ பள்ளத்தின் மேலுள்ள காற்றிலோ விழுகிறது. சாலைக்குக் கிடைப்பது ஓரத்தில் சிதறும் ஒளி மட்டும். இரண்டு விளக்கும் நன்றாக எரியும்போதே நிலைமை இது. ஒன்று அணைந்துவிட்டால், எந்தப் பக்கம் அணைந்ததோ அந்தப் பக்கமாகத் திரும்பும் வளைவு ஒவ்வொன்றிலும் ஓட்டுநர் பாதிக் குருடர். எதிரே வருகிறவருக்கோ கார் மோட்டார் சைக்கிளாகத் தெரிகிறது. அதற்கேற்ற இடத்தை மட்டும் விட்டு ஒதுங்குவார்.

ஒற்றைக்கண் வண்டியிலிருந்தே தொடங்குவோம். "திடீர்னு ரெண்டு லைட்டும் போயிருச்சு" என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் பலவற்றில் உண்மையில் நடந்தது வேறு. இரண்டு பல்பும் ஒரே நொடியில் கருகுவது அரிது. ஒன்று என்றைக்கோ போயிருக்கும். ஊருக்குள் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஓட்டியவருக்கு அது தெரிந்திருக்காது. மீதி ஒன்றும் போன இரவில்தான் "ரெண்டும் போச்சு" என்ற எண்ணம் வருகிறது. உடனே ஸ்விட்சைக் கழற்றுவார்கள், வயரிங் முழுவதையும் பிரிப்பார்கள். தேவைப்பட்டதோ இரண்டு பல்பு. அதனால் பட்டறைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "கடைசியாக இரண்டும் எரிந்ததை எப்போது பார்த்தீர்கள்?" என்பதுதான். பெரும்பாலான ஓட்டுநர்களிடம் அதற்குப் பதில் இருக்காது.

இனி, கரண்ட் போகும் பாதை. இதற்கு இந்த மண்ணின் கதையே கைகொடுக்கிறது. செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரியின் வில்லாற்றலைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார்: ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துச் சென்றது. ஹெட்லைட்டுக்குப் போகும் கரண்டுக்கும் வழியில் ஐந்து இருக்கின்றன. பியூஸ், ஸ்விட்ச், ரிலே, ஹோல்டர், பல்பு. பேட்டரியில் புறப்பட்ட கரண்ட் ஐந்தையும் கடந்தால்தான் பல்புக்குள் இருக்கும் மெல்லிய கம்பி சிவந்து, வெளுத்து, ஒளிரும். ஏதோ ஒன்றில் நின்றுவிட்டால் இருட்டு. பழுது பார்ப்பது என்றால் அம்பு எந்த விலங்கின் உடலில் நின்றது என்று தேடுவது. ஐந்தையும் வாங்கி மாற்றுவதற்குப் பழுது பார்த்தல் என்று பெயரில்லை, அது செலவு.

ஓரி கதைக்கும் வண்டிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அம்பு திரும்பி வர வேண்டியதில்லை. கரண்ட் திரும்பி வந்தாக வேண்டும். பல்பைக் கடந்த கரண்ட் வண்டியின் இரும்பு உடல் வழியாகப் பேட்டரியின் மைனஸ் முனைக்குப் போய்ச் சேர வேண்டும். பட்டறையில் இதைத்தான் "எர்த்" என்கிறார்கள். போகும் வழியை எல்லாரும் பார்க்கிறார்கள். திரும்பும் வழியைப் பார்ப்பவர் குறைவு. பழைய வண்டிகளில் மங்கலான ஹெட்லைட்டுக்கு இந்தத் திரும்பும் வழியே பெரும்பாலும் காரணம்.

கருவி எதுவும் எடுக்கும் முன்பே விளக்கு பாதியைச் சொல்லிவிடும். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லையா? பொதுவான ஸ்விட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பல்பு, ஹோல்டர், எர்த், தனி பியூஸ் இருந்தால் அது, இவற்றில் ஒன்று. பல கார்களில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பியூஸ் வைத்திருப்பதன் நோக்கமே ஒன்று போனாலும் மற்றது எரியட்டும் என்பதுதான். இரண்டு பக்கமும் டிம் எரியாமல் பிரைட் மட்டும் எரிகிறதா? ஸ்டியரிங் அடியில் இருக்கும் காம்பினேஷன் ஸ்விட்சையோ டிம்முக்கான ரிலேயையோ சந்தேகிக்கலாம். இரண்டு பல்பிலும் டிம் கம்பி மட்டும் முன்பின்னாக அறுந்தும் இருக்கலாம், ஏனென்றால் ஓட்டுநர் பெரும்பாலும் டிம்மில்தான் ஓட்டுகிறார். இண்டிகேட்டர் போடும்போது ஹெட்லைட்டும் சேர்ந்து துடிக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு எர்த் என்று சொல்லலாம். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் அணைந்து எரிகிறதா? எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது. எஞ்சின் ஐட்லிங்கில் மங்கி, ஆக்சிலரேட்டர் மிதித்ததும் பளிச்சிடுகிறதா? ஹெட்லைட்டை விட்டுவிட்டு டைனமோ பெல்ட்டையும் பேட்டரி முனைகளையும் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் எரியாதபோது, காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. எரியாத பல்பைக் கழற்றி எரியும் பக்கத்தில் மாட்டுங்கள். எரியும் பல்பை இந்தப் பக்கம் கொண்டுவாருங்கள். இருட்டு பல்போடு சேர்ந்து இடம் மாறினால் பல்பு போயிருக்கிறது. இருட்டு இருந்த இடத்திலேயே இருந்தால் பல்பு நல்லது, வயரிங்கில் கோளாறு. ஐந்து நிமிட வேலை. பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து "கம்பி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதை நம்ப முடியாது; அறுந்த கம்பியின் இரு முனைகளும் தொட்டாற்போல நின்று ஏமாற்றும். கண்ணாடிக்குள் கருமை படர்ந்திருந்தால் பல்பு வயதாகிப் போனது. பால்போல வெள்ளைப் பொடி படிந்திருந்தால் கண்ணாடி விரிசல்விட்டுக் காற்று உள்ளே புகுந்துவிட்டது.

பல்பைத் தொடும்போது கண்ணாடியில் விரல் படக்கூடாது. இது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கார்களில் ஹாலஜன் பல்பு வந்தது. சாதாரண பல்பில் டங்ஸ்டன் கம்பி மெல்ல ஆவியாகிக் கண்ணாடியில் கரியாகப் படியும். ஹாலஜன் பல்பில் அந்த ஆவியை உள்ளே இருக்கும் அயோடின் அல்லது புரோமின் பிடித்துத் திரும்பவும் கம்பியிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இந்தச் சுழற்சி நடக்கக் கண்ணாடி மிகவும் சூடாக இருக்க வேண்டும். அதனால்தான் பல்பு அவ்வளவு சிறியது, கண்ணாடியும் சூடு தாங்கும் தனி வகை. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடத்தில் சூடு சமமாகப் பரவாமல் கண்ணாடி பலவீனமாகிறது. தெரியாமல் பட்டுவிட்டால் சுத்தமான துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, உலர்ந்த பிறகு மாட்டினால் போதும்.

எர்த் விஷயத்துக்குத் திரும்புவோம். சற்று நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். கொல்லிமலையின் மேற்பரப்பு கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். பனி இறங்குகிறது, மழை அடிக்கிறது, இரவெல்லாம் வாசலில் நிற்கும் வண்டியின் இரும்பு காலையில் ஈரமாக இருக்கிறது. அந்த ஈரம் எர்த் போல்ட்டுக்கு அடியில் துருவாகவும், செம்புக் கம்பியின் முனையில் பச்சைக் களிம்பாகவும் மாறுகிறது. துருவும் களிம்பும் கரண்டை முழுதாகத் தடுப்பதில்லை, நெரிக்கின்றன. அதனால் விளக்கு அணையாமல் மங்குகிறது. மங்கல் நாள்தோறும் சிறிது சிறிதாக வருவதால் கண் பழகிவிடுகிறது.

ஹாலஜன் பல்பில் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். பல்புக்குக் கிடைக்கும் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு வழியிலேயே தொலைந்தால் வெளிச்சத்தில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு போய்விடும். பன்னிரண்டு வோல்ட்டில் ஒன்றேகால் வோல்ட் குறைவது அளவில் அற்பமாகத் தெரியலாம். ஐம்பதாவது வளைவில் அது, சாலையோரக் கல் தெரிவதற்கும் தெரியாததற்கும் உள்ள வேறுபாடு.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இதைக் கண்டுபிடித்துவிடும். முதலில் பேட்டரி. முழுச் சார்ஜில், எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. பிறகு ஹெட்லைட்டை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பல்பின் எர்த் முனையிலும் மறு முனையைப் பேட்டரி மைனஸிலும் வைக்க வேண்டும். எர்த் நன்றாக இருந்தால் முள் அசையக்கூடாது, அல்லது வோல்ட்டின் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்குள் நிற்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். பல மங்கல் விளக்குகளுக்கு வேண்டிய மருந்து இந்த உப்புத்தாள்தான். விளக்கு எரியும்போது அளப்பது முக்கியம். பல்பைக் கழற்றிவிட்டு வெறும் ஹோல்டரில் அளந்தால் கரண்ட் ஓடாது. நெரிசலும் தெரியாது, மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டி ஏமாற்றும். டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்ப்பவர்களும் இப்படித்தான் பலமுறை வழி தவறுகிறார்கள்.

மங்கலுக்கு நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் வைத்தியம் வேறு. கடைக்குப் போய்ப் பெரிய வாட் பல்பு வாங்கி மாட்டுவது. பல கார்களில் வரும் எச்4 பல்பு டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். அந்த இடத்தில் 100/90 வாட் பல்பு ஏறுகிறது. கணக்கு எளியது: 55 வாட்டுக்கு நாலரை ஆம்பியர் ஓடிய கம்பியில் 90 வாட்டுக்கு ஏழரை ஆம்பியர் ஓட வேண்டும். கம்பி பழையது, ஸ்விட்சின் தொடுமுனை பழையது, ஹோல்டர் பிளாஸ்டிக். சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், அதே களிம்பேறிய இணைப்பில் முன்பைவிட இரண்டரை மடங்குக்கு மேல் சூடு பிறக்கிறது. சில மாதங்களில் ஹோல்டர் பழுப்பேறி, உருகி, பல்பின் காலோடு ஒட்டிக்கொள்ளும். இந்த நிலையில் வண்டி பட்டறைக்கு வந்தால் அங்கே "ஹோல்டர் டூப்ளிகேட்" என்பார்கள். குற்றம் ஹோல்டருடையது இல்லை. இதை உரக்கச் சொல்லத்தான் வேண்டும்: எர்த்தும் வயரிங்கும் சரிசெய்த 55 வாட் பல்பு, நெரிபடும் கம்பியில் தொங்கும் 90 வாட் பல்பைவிட நம்பகமானது. பழைய வண்டியில் ஸ்விட்ச் வழியாகவே முழு கரண்டும் போகிறது என்றால், ரிலே வைத்த தனி வயரிங் செட் போடலாம். ஸ்விட்ச் ரிலேயை மட்டும் தூண்டும். பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து தடித்த கம்பியில், இடையில் பியூஸோடு, நேராக வரும். லாரி பாடி கட்டுவதில் நாடறிந்த நாமக்கல்லில் இதைச் செய்யக் கைதேர்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

பல்பு அடிக்கடி கருகினால் பல்பு கம்பெனியைத் திட்டும் முன் ஓடும் எஞ்சினில் வோல்ட்டை அளக்க வேண்டும். டைனமோவின் ரெகுலேட்டர் கெட்டு வோல்ட் 15-க்கு மேல் போனால், வெளிச்சம் பிரமாதமாக இருக்கும், ஆயுள் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

எல்.இ.டி. பற்றிக் கேட்காத ஓட்டுநர் இல்லை. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி.க்காக வடிவமைத்த விளக்கு அருமையானது. அதில் கோளாறு வந்தால் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும், வீட்டில் கழற்றுவது வீண். பிரச்சினை, ஹாலஜனுக்காகச் செய்த விளக்குக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகுவதில். அந்த ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் ஹாலஜன் கம்பி இருக்கும் துல்லியமான இடத்தைக் கணக்கிட்டு வார்த்தது. ஒளி பிறக்கும் இடம் சிறிது மாறினாலும் கற்றை சிதறி மேலே ஏறுகிறது. ஓட்டுநருக்கு வண்டி முன்னால் வெள்ளைவெளேர் என்று இருப்பதால் திருப்தி. வளைவில் எதிரே வருகிறவருக்குச் சில நொடிகள் கண் தெரியாது. மலையில் அந்தச் சில நொடிகளில் வண்டி போகும் தூரம் ஒரு வளைவின் நீளம்.

விளக்கின் முன்மூடியையும் மறக்கக்கூடாது. இக்கால முன்மூடி கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலில் மஞ்சளாகிப் புகைபடிந்ததுபோல் ஆகிவிடுகிறது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018-இல் சோதித்துப் பார்த்தபோது, அப்படி மங்கிய மூடி வழியே புது மூடியில் வரும் ஒளியில் 22 சதவீதம்தான் வெளியே வந்தது. உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் வெளிச்சம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. நீர்விட்டு நயமான உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, புற ஊதா தடுப்புப் பூச்சு பூசினால் பெரும்பகுதி மீளும்.

பனிமூட்டம் வேறு பாடம். மலைமேல் மூட்டத்துக்குள் பிரைட் போட்டால் நீர்த்துளிகள் ஒளியைக் கண்ணுக்கே திருப்பி அடிக்கும். முன்னால் வெள்ளைச் சுவர் நிற்கும். டிம்தான் வழி.

இப்போது எல்லாரும் எதிர்பார்க்கும் கேள்வி. இரவு, இறக்கம், நடுவளைவு, விளக்கு அணைந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் பார்க்கிங் விளக்கையும் நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் ஹஸார்டு ஸ்விட்சையும் போட வேண்டும்; ஹஸார்டு பெரும்பாலும் தனிப் பாதை, ஹெட்லைட் போனாலும் அது உயிரோடு இருக்கும். அடுத்து ஸ்டியரிங் கைப்பிடியை இழுத்துப் பிடிக்க வேண்டும். எதிரே வருகிறவருக்கு மின்னிக் காட்டும் அந்தப் பாஸ் லைட் பல வண்டிகளில் ஹெட்லைட் ஸ்விட்சைத் தொடாமல் நேராகப் பிரைட்டை எரிக்கும். நிறுத்த இடம் தேடும்வரை அது போதும். வளைவில் நிறுத்தக்கூடாது, இரண்டு வளைவுக்கு நடுவே இருக்கும் நேரான துண்டில், மலைப்பக்கமாக ஒதுக்கி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். எச்சரிக்கை முக்கோணம் இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே வைக்க வேண்டும், வண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை.

பிறகு பியூஸ் பாக்ஸ். மூடியின் உட்புறத்தில் எது எதற்கு என்று அச்சிட்டிருக்கும். போன பியூஸின் நடுக்கம்பி அறுந்திருக்கும். அதே நிறத்தில், அதே எண்ணுள்ள பியூஸை ரேடியோவிலிருந்தோ ஏசியிலிருந்தோ எடுத்து மாட்டலாம். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். ஹாரன் பியூஸை மட்டும் எடுக்க வேண்டாம். அடுத்த வளைவில் அதுதான் குரல். ரிலேயும் அப்படியே. ஸ்விட்ச் போடும்போது "டிக்" என்ற சத்தம் கேட்காவிட்டால், அதே எண் அச்சிட்ட வேறு ரிலேயோடு இடம் மாற்றிப் பார்க்கலாம். ஸ்பேர் பியூஸ் இல்லை என்று சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றுவது பழைய பழக்கம். பியூஸ் போனது உள்ளே ஷார்ட் ஆனதால் என்றால், அடுத்து எரியப்போவது கம்பியின் மேலுறை. எலி கடித்து உரித்த வயர் உள்ள வண்டியில் அது தீப்பிடிக்கும் வழி. மாற்றிய பியூஸும் உடனே போனால் மூன்றாவதைத் தேட வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு எரியவில்லை என்றால் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கக்கூடாது. முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு போவதும் ஆபத்து. அவர் திரும்பிய கணமே இவருக்கு முன்னால் இருட்டு. வாழைத்தார் ஒரு நாள் தாமதமாகச் சந்தைக்குப் போனால் விலை கொஞ்சம் குறையும். வண்டிக்குள் விடியும்வரை உட்கார்ந்திருப்பது, அந்த விலையோடு ஒப்பிட்டால், மலிவு.

இதில் பாதியைக் காரவள்ளியிலேயே தவிர்த்துவிடலாம். மலையேறும் முன் டீ குடிக்க எல்லாரும் நிறுத்துகிறார்கள். டீ வரும்வரை வண்டியை ஏதாவது ஒரு சுவரைப் பார்த்து நிறுத்தி, டிம் போட்டு, இரண்டு வெளிச்சமும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில் விழுகிறதா என்று பார்க்கலாம். பின்னால் சுமை ஏற்றியிருந்தால் மூக்கு தூக்கி, வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணுக்கு ஏறும். பல கார்களில் டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட சின்னச் சக்கரம் இருக்கிறது, சுமைக்கேற்ப அதைத் திருப்பி வெளிச்சத்தை இறக்கிக்கொள்ளலாம். அதைத் தொட்டே பார்க்காத வண்டிக்காரர்கள் ஏராளம். பிறகு பிரைட், பிறகு பாஸ் லைட். அதற்குள் டீ வந்துவிடும்.